இரண்டு புட்டித் தண்ணீர்

கொல்லையில் கல் கூட்டி மூட்டிய அடுப்பை ஜமீலுன்னிசா ஊதிக்கொண்டிருந்தாள். விறகில் ஈரம். புகை கண்ணைக் கரித்தது. அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அழுகிறாளா, புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை.

அடுப்பின் மேல் பெரிய செம்பு அண்டா. அதில் இலந்தை இலை போட்டுத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா அஸ்மத்துன்னிசாவின் கடைசிக் குளியலுக்கான தண்ணீர். விடியும் முன்பே அம்மா கண்ணை மூடிவிட்டாள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குள் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போய்விட வேண்டும் என்று அவளைப் பெற்ற அத்தா சொல்லியிருந்தார். உள்ளே கூடத்தில் யாரோ யாசீன் ஓதும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் சூடேறியதும் முதலில் இலந்தை இலையின் பச்சை மணம் வந்தது. பிறகு அதன் அடியிலிருந்து இன்னொரு வாடை கிளம்பியது. ஊறிய தோல், சுண்ணாம்பு, அழுகல் எல்லாம் சேர்ந்த வாடை. அண்டாவின் விளிம்பில் சோப்புப் போல நுரை கட்டியது. கொல்லையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள்.

"ஊதாதே" என்றாள் ஹாஜிரா பீ. சைதாப்பேட்டையில் எந்த முஸ்லிம் வீட்டில் பெண் இறந்தாலும் குளிப்பாட்ட வருகிறவள் அவள்தான்.

"இன்னும் கொதிக்கலியே பெரியம்மா."

"அதுக்குத்தான் ஊதாதேங்கறேன்."

ஹாஜிரா பீ குனிந்து விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணைத்தாள்.  கொல்லை மூலையில் புடவைகளைக் கட்டி மறைத்திருந்த இடத்தில், குளிப்பாட்டும் பலகை மட்டும் காலியாகக் காத்துக் கிடந்தது.

சற்று நேரத்தில் அத்தா வந்தார். ஷரஃபுதீன் மேஸ்திரி. பக்கத்துத் தோல் கிடங்கில் நூறு ஆளுக்கு மேல் அவர் குரலுக்குப் பயப்படுவார்கள். இன்று அந்தக் குரல் சற்றே கம்மியிருந்தது.

"என்னாம்மா தாமசம்? பள்ளிவாசல்ல சொல்லியாச்சு. எல்லாரும் வாசல்ல காத்துக்கிட்டு இருக்காங்க."

"இந்தத் தண்ணி ஆவாது மேஸ்திரி."

"ஏன்? நாங்க குடிக்கிற கிணத்துத் தண்ணிதானே? அஞ்சு வேளைத் தொழுகைக்கும் இதுலதானே கை கால் கழுவி ஒளு எடுக்கறோம்?"

"நீங்க எடுங்க. உங்க மூக்கு கிடங்குக்குப் பழகின மூக்கு. அஸ்மத்தோட கடைசிக் குளியலுக்கு இதை அள்ளி ஊத்த என் கை வரல. அப்புறம் நாளைக்கு மறுமையில நான்தான் பதில் சொல்லணும், நீங்க இல்ல."

அத்தா சுற்றிலும் பார்த்தார். அந்த வரிசை வீடுகள் பூராவும் கிடங்குக்குச் சொந்தம். அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் மனைவிமார். ஒருத்தி சுவரைப் பார்த்தாள். ஒருத்தி தன் கால் மெட்டியைப் பார்த்தாள். "தண்ணி நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வேலி ஓரத்தில் இடுப்பில் குடத்தோடு நின்ற தேவானைதான் பேசினாள். ஆற்றங்கரைக் குடிசைக்காரி. முன்பெல்லாம் கரையில் கீரைப் பாத்தி போட்டிருந்தாள். ஆற்றுத் தண்ணீர் ஊற்றிய பாத்தி முழுவதும் மஞ்சளாய்ச் சுருண்ட பிறகு, மார்க்கெட்டில் கீரை வாங்கித் தெருவில் கூவி விற்கிறாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் ரோசனை? மேட்டுத் தோப்புக் கெணத்துல மொண்டுக்கினு வந்தா போச்சு. அக்கா தெனிக்கும் எங்கூட வந்து ஒரு கொடம் எடுத்துக்கினு வருவாங்களே."

"யாரு?" என்றார் அத்தா.

"நம்ம அக்காதான். வேற யாரு? தோப்புக்காரன் நாய் மாதிரி வள்ளுனு வுழுவான். அக்கா முக்காடை இழுத்துக்கினு ஒரு சலாம் வெப்பாங்க பாரு, அவன் கம்முனு பூடுவான்."

"தினமுமா? எனக்குத் தெரியாதே."

"உனுக்கு எப்டித் தெரியும்? நீ கெடங்குக்குப் போனப்பறம்தான நாங்க கெளம்புவோம்." தேவானை குடத்தை இடுப்பு மாற்றினாள். பேச்சை நிறுத்தியிருக்கலாம், ஆனால் அவளுக்கு நிறுத்திப் பழக்கமில்லை. "நீ இத்தினி நாளும் குடிச்சது அந்தத் தண்ணிதான் மேஸ்திரி. அதைக் குடிச்சிட்டு, 'நம்ம கெணத்துக்கு இன்னா கொறச்சல், நல்லாத்தான கீது'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தே. அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க இருமினாள். சாவு வீடு என்று நினைவு வந்து உடனே நிறுத்திக்கொண்டாள்.

அத்தா கதவுப் பக்கம் திரும்பினார். ஜமீலுன்னிசாவின் தம்பி மனைவி சகினா கைக்குழந்தையோடு கதவோரம் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மா படுத்த படுக்கையான பிறகு, பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு சகினாவால் தோப்புக்குப் போக முடியவில்லை. அந்த வாரம் பூராவும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். தண்ணீர் ருசி மாறியது அத்தாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை.

கிணற்றடியில் கவிழ்த்திருந்த இரண்டு வாளிகளையும் அவர் எடுத்தார்.

"எந்தத் தோப்பு?" என்றார் தேவானையிடம்.

"நீ எதுக்கு மேஸ்திரி? நாங்க நாலு பேரு போயி..."

"எந்தத் தோப்புன்னு கேட்டேன்."

தேவானை முன்னால் நடந்தாள். வெள்ளைத் தொப்பியும் நீளச் சட்டையுமாக, இரண்டு கையிலும் வாளியோடு மேஸ்திரி அவளுக்குப் பின்னால் நடந்து போனதை வாசலில் இருந்த ஆண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

*

தண்ணீர் வரும்வரை ஜமீலுன்னிசா உள்ளே போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. தாடையைச் சேர்த்துக் கட்டிய துணியோடு அம்மா யாரிடமோ கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பவள் போலிருந்தாள்.

அம்மா கோபித்துக்கொள்கிறவள் அல்ல. நச்சரிக்கிறவள்.

யுத்தத்துக்கு முன்னால் கிடங்கில் ஆவாரம்பட்டையில்தான் தோல் பதனிட்டார்கள். கழிவுத் தண்ணீரைப் பக்கத்துப் பொட்டலில் விட்டார்கள். அது அங்கேயே சுண்டிப்போகும். யுத்தம் வந்தது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் தோல் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார்கள். பட்டை போய்ப் பச்சை நிறத்தில் ஏதோ மருந்து வந்தது. தொட்டிகள் இரண்டு மடங்காயின. பொட்டல் போதாமல், வரிசை வீடுகளின் பின்புறமாகவே அடையாற்றுக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். நின்று வெட்ட வைத்தவர் அத்தா. தொட்டி திறக்கும் நாளில் ஆறு பச்சையாகும். அதற்குக் கொஞ்சம் கீழே ஊர்ச் சாக்கடை வந்து விழும். கோடையில் அந்த ஆறு ஓடாது. கடலை நினைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். நின்றது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைத் தேடி வந்தது.

ஜமீலுன்னிசா வாழ்க்கைப்பட்டது திருவல்லிக்கேணியில். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா கரியில் ஓடும் பஸ் ஏறி மகளைப் பார்க்க வருவாள். கையில் ஒரு கூஜா. திரும்பும்போது தெருக்குழாயில் அதை நிரப்பிக்கொண்டுதான் போவாள்.

"உங்க அம்மா உன்னைப் பார்க்க வர்றாங்களா, எங்க குழாயைப் பார்க்க வர்றாங்களா?" என்று நாத்தனார் ஜஹீதா கேலி செய்வாள். வீடே சிரிக்கும். ஜமீலுன்னிசாவும் கூடச் சிரித்தாள். ஒரு நாள் சிரிக்க முடியவில்லை. "இனிமே அந்தக் கூஜாவை எடுத்துட்டு வராதேம்மா, அசிங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா வெறுங்கையோடு வந்தாள். எப்போதும்போல் பேசினாள். எப்போதும்போல் போனாள். கூஜாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தோப்புக் கிணற்றுக்கு அவள் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் இருக்க வேண்டும்.

அப்புறம்தான் புட்டி விவகாரம் வந்தது.

ஜமீலுன்னிசாவின் புருஷன் நூர் முஹம்மதுவுக்குத் தண்ணீர் பரிசோதிக்கிற சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. அம்மா ஒரு மருந்துப் புட்டியில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை கையில கொடு" என்றாள். "நான் வாயால சொன்னா பொம்பளை புலம்பறான்னு போயிடறாங்க. ஆபீஸ்ல பார்த்துச் சொன்னா கேட்டுத்தானே ஆவணும்? கால்வாயைத் திருப்பி விடுவாங்க. இல்லாட்டி ஒரு குழாயாவது போட்டுத் தருவாங்க. இந்த வரிசையில எத்தனை குழந்தைங்க இருக்கு, பாரு."

அந்தப் புட்டியை அத்தா பார்த்துவிட்டார். "கிடங்குச் சோத்தைத் தின்னுட்டுக் கிடங்குப் பேரைக் கெடுக்கணுமா? நாளைக்கு வேலையும் போயி, இந்த வீடும் போனா எங்க போய் நிக்கறது?" என்று கத்தி, அதைக் கொல்லையில் கவிழ்த்தார்.

அம்மா மறுபடியும் பிடித்து வைத்தாள். ஜமீலுன்னிசா போன தடவை வந்திருந்தபோது காதோடு சொன்னாள்: "இந்த வாட்டி உங்கத்தா கையே வைக்க மாட்டாரு. அப்பேர்ப்பட்ட இடத்துல வச்சிருக்கேன். எடுத்துக்கிட்டுப் போறியா?"

வாசலில் ஜட்கா காத்திருந்தது. அத்தா வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் கண் முன்னால் எடுத்துப் போவதா? அத்தாவின் வேலை, தம்பியின் வேலை, இந்த வீடு எல்லாம் ஒரு புட்டியில் தளும்புவது போலிருந்தது ஜமீலுன்னிசாவுக்கு.

"அடுத்த தடவை எடுத்துட்டுப் போறேம்மா."

"அடுத்த தடவையா? சரி. அது எங்க போவுது? பத்திரமாத்தான் இருக்கும்."

எங்கே வைத்திருக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த தடவை என்பது நேற்றுத்தான். வந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. வயிற்றுப்போக்கில் உடம்பு துணியாய்த் துவண்டு கிடந்தது. விடியற்காலையில் மூச்சு மேலே மேலே இழுத்தது. "ஜம்ஜம்... ஜம்ஜம் எடுத்துக்கிட்டு வா" என்று அத்தா பதறினார். மக்காவிலிருந்து வந்த புனிதத் தண்ணீர். யுத்தத்துக்கு முந்தி ஹஜ்ஜுக்குப் போன பெரியப்பா கொண்டுவந்து கொடுத்தது. தகர டப்பா துருப்பிடித்ததும் அம்மா அதை ஒரு புட்டிக்கு மாற்றி, குர்ஆன் வைத்திருக்கிற மேல் அலமாரியில் வைத்திருந்தாள். உயிர் பிரியும் நேரத்தில் ஒரு வாய் விட வேண்டும் என்றுதான் எல்லா வீட்டிலும் அதைப் பாதுகாப்பார்கள்.

சகினா விளக்கைப் பிடித்தாள். அலமாரியில் கை விட்டதும் அகப்பட்ட புட்டியை ஜமீலுன்னிசா எடுத்தாள். கார்க் சுலபமாக வந்தது. கலிமாவைச் சொல்லிக்கொண்டே கரண்டியால் அம்மாவின் வாயில் ஊற்றினாள். ஒன்று. இன்னொன்று. அம்மாவின் கண் லேசாகத் திறந்து அவளைப் பார்த்தது. புருவம் சுருங்கியது. உதடு மூடிக்கொள்ளப் பார்த்தது. "அவ்வளவுதான், போற நேரம்" என்றார் அத்தா. மூன்றாவது கரண்டி பாதி உள்ளே போயிற்று. மீதி கன்னத்தில் வழிந்தது.

அதோடு முடிந்துவிட்டது.

*

தோப்புத் தண்ணீர் வந்தது. மேஸ்திரியின் நீளச் சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஒரு தடவையில் போதாமல் திரும்பவும் போய் வந்தார். யாரும் உதவிக்கு வராதபடி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

புதிதாக மூட்டிய அடுப்பில் இந்தத் தண்ணீர் இலந்தை மணம் மட்டும் வீசிற்று. ஹாஜிரா பீ முன்கையில் ஊற்றிச் சூடு பார்த்தாள். பிறகு அஸ்மத்துன்னிசாவைக் கிடத்திக் குளிப்பாட்டினாள். ஜமீலுன்னிசா தண்ணீர் மொண்டு மொண்டு கொடுத்தாள். சகினா குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்து திரைப் புடவையைப் பிடித்துக்கொண்டாள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்து ஊற்றியபோது கொல்லை முழுவதும் வேறு ஊர் மாதிரி மணத்தது.

உடலைப் பொதியும் கபன் துணியைப் பாயில் விரித்ததும் ஹாஜிரா பீ நிமிர்ந்தாள்.

"ஜம்ஜம் மிச்சம் இருக்கா? துணியில ரெண்டு சொட்டு தெளிக்கலாம்."

"இருக்கு பெரியம்மா."

ஜமீலுன்னிசா உள்ளே போனாள். விடியற்காலையில் இருட்டாக இருந்த அலமாரியில் இப்போது ஜன்னல் வெயில் நேராக விழுந்தது. குர்ஆனுக்கு இந்தப் பக்கம், அவள் அவசரத்தில் திரும்ப வைத்த புட்டி. எடுக்கக் கை நீட்டினாள். குர்ஆனுக்கு அந்தப் பக்கம், சுவரோடு ஒட்டினாற்போல், அதே மாதிரி இன்னொரு புட்டி.

அந்த இன்னொன்றின் வாயில் சிவப்பு அரக்கு வைத்து மூடியிருந்தது. அரக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் முன்னாலிருந்த புட்டியைப் பார்த்தாள். வெயில் அதன் வழியாக ஊடுருவிச் சுவரில் வெளிர்ப்பச்சையாக விழுந்திருந்தது. அடியில் பாசி போல ஒரு படிவு. கார்க்கை எடுத்து முகர்ந்தாள்.

அத்தா கை வைக்க மாட்டார் என்று அம்மா சொன்ன இடம் இதுதான். ஜம்ஜமுக்குப் பக்கத்தில் இருந்தால் அவர் கவிழ்க்க மாட்டார். எவ்வளவு சரியாக யோசித்திருக்கிறாள்!

புருவம் சுருங்கியதன் அர்த்தம் இப்போது தெரிந்தது. நாக்கு அடையாளம் கண்டுகொண்டது. மாதக்கணக்கில் தொடாமல் இருந்த தண்ணீரை மகள் கரண்டி கரண்டியாக ஊற்றுகிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை.

"ஜமீலா, எங்கேம்மா போயிட்டே? தண்ணியத்தானே கேட்டேன், கிணறா வெட்டறே?" ஹாஜிரா பீயின் குரல்.

அவள் சுவரோரப் புட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஹாஜிரா பீ வாங்கிப் பார்த்தாள். அரக்கை நகத்தால் கீறினாள், வரவில்லை. தாழ்ப்பாளில் தட்டி உடைத்தாள். சிவப்புத் துணுக்குகள் தரையில் சிதறின.

"விடிகாலையில கொடுத்தீங்கன்னு உங்கத்தா சொன்னாரே?"

 ஹாஜிரா பீ ஜமீலுன்னிசாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கபனில் தெளிக்க ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, அம்மா வாயில ரெண்டு சொட்டு..."

"இனிமே எதுக்கும்மா? அது உயிர் இருக்கும்போது."

"ரெண்டே சொட்டு."

ஹாஜிரா பீ பெருமூச்சு விட்டாள். ஒரு பஞ்சை நனைத்தாள். அஸ்மத்துன்னிசாவின் உதடுகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாகத் துடைத்தாள். அந்தப் பஞ்சை எறிந்துவிட்டு இன்னொரு பஞ்சை எடுத்து மறுபடியும் துடைத்தாள்.

"போதுமா?" என்றாள்.

ஜமீலுன்னிசா தலையை ஆட்டினாள்.

*

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அத்தா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எதிரே காலி வாளிகள்.

"எனக்குத் தெரியாமலே எனக்கு நல்ல தண்ணி கொடுத்துக்கிட்டு இருந்திருக்கா" என்றார். யாரிடம் என்றில்லை. "அவளுக்கு ஒரு வாரமா நான் கொடுத்தது இந்தக் கிணத்துத் தண்ணி. டாக்டரு காய்ச்சிக் கொடுங்கன்னாரு. காய்ச்சித்தான் கொடுத்தேன்."

ஜமீலுன்னிசா விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ஒண்ணுதான் எனக்குச் சமாதானம். கடைசியா அவ வாயில போனது ஜம்ஜம். அந்தத் தண்ணியாவது நல்லதாப் போச்சு."

அவள் கண்ணாடியை இன்னும் அழுத்தித் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தாள். சொல்லிவிட்டால் இவருக்கு அந்தச் சமாதானமும் இருக்காது. சொல்லாவிட்டால்?

அடுக்களையில் சகினா கிணற்றுத் தண்ணீரை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். தோப்புத் தண்ணீர் பூராவும் குளிப்பாட்டச் செலவாகிவிட்டது.

"யாருக்கு?" என்றாள் ஜமீலுன்னிசா.

"குழந்தைக்குத்தான் அண்ணி. வயித்து வலிக்கு ஓமத் தண்ணி. ரெண்டு நாளா அதுக்கும் வயிறு சரியில்ல."

ஜமீலுன்னிசா அந்தப் பாத்திரத்தை இறக்கிச் சாக்கடையில் கொட்டினாள். 

வாசலில் நூர் முஹம்மது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் ஆபீஸ் இருந்தது. மூன்றாம் நாள் பாத்திஹா ஓதத் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தான்.

"என்னங்க, கொஞ்சம் இருங்க."

அவள் உள்ளே போய், அலமாரியில் குர்ஆனுக்கு இந்தப் பக்கம் இருந்த புட்டியை அம்மாவின் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தாள். அவன் அவசரமாகச் செருப்பைக் கழற்றினான். பிஸ்மி சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனான்.

"ஜம்ஜமா?"

"இல்ல. கண்ணுல ஒத்திக்காதீங்க." அவள் குரல் கூடம் வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பேசினாள். "இந்தக் கிணத்துத் தண்ணி. அம்மா உங்ககிட்ட கொடுக்கச் சொன்னது. ஆபீஸ்ல கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. என்ன இருக்கோ அதை அப்படியே எழுதி வாங்குங்க."

கூடத்தில் அத்தா எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தார். மாப்பிள்ளையின் கையிலிருந்து புட்டியை வாங்கினார். முதல் புட்டியைக் கவிழ்த்த அதே கை. ஜமீலுன்னிசா நகரவில்லை.

அவர் கைக்குட்டையை அவிழ்த்தார். புட்டியை மேற்கு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். அசைந்ததில் அடியில் இருந்த பச்சைப் படிவு கிளம்பிப் புகை போலச் சுழன்றது. தண்ணீர் கழுத்து வரை இல்லை. தோள்பட்டைக்கும் கீழே இறங்கியிருந்தது. எதை நிரப்பினாலும் தளும்பத் தளும்ப நிரப்புகிறவள் அஸ்மத்துன்னிசா.

அவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். அங்கே, திரும்ப வைத்திருந்த ஜம்ஜம் புட்டி, அநேகமாக நிறைந்தபடி. கதவுத் தாழ்ப்பாளுக்குக் கீழே, யாரும் பெருக்காமல் விட்ட தரையில், பகலில் உடைந்த அரக்கின் சிவப்புத் துணுக்குகள்.

"விடிகாலையில..." என்று ஆரம்பித்தார்.

ஜமீலுன்னிசா தலை நிமிரவில்லை.  உள்ளே குழந்தை சிணுங்கியது. சகினா தட்டிக் கொடுப்பது கேட்டது. நூர் முஹம்மது ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அத்தா கட்டை விரலால் கார்க்கை அழுத்தினார். இன்னும் அழுத்தினார். தோள் துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு கீற்றுக் கிழித்தார். கார்க்கின் மேலாகக் கொண்டுவந்து, புட்டியின் கழுத்தைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"படுக்க வைக்காம எடுத்துக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார். "கார்க் சரியில்ல."

நூர் முஹம்மது கையை நீட்டினான். அவர் உடனே கொடுக்கவில்லை. முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.